நடு ராத்திரியில் பிள்ளைக்குக் காது வலி: பூண்டு எண்ணெய் ஊற்றலாமா?

கேட்டிருப்பவர் ஒரு தாய். மாமனாரின் அறுபதாம் கல்யாணத்துக்காகச் சிங்கப்பூரிலிருந்து காரைக்குடிப் பக்கத்துப் பள்ளத்தூருக்கு வந்திருக்கிறார். மகனுக்கு மூன்றரை வயது, எடை 14 கிலோ. நாலு நாளாக மூக்கு ஒழுகுகிறது. நேற்று ராத்திரி ஒரு மணிக்குக் காதைப் பிடித்துக்கொண்டு அலறி எழுந்திருக்கிறான். அப்பத்தா உடனே நல்லெண்ணெயில் பூண்டைத் தட்டிப்போட்டுக் காய்ச்சச் சொல்லிவிட்டார். பெரிய பையனுக்குப் போன வருஷம் வாங்கிய காதுச் சொட்டு மருந்து பாதி பாட்டில் கிடக்கிறது. எதைச் செய்வது, எப்போது டாக்டரிடம் ஓடுவது, அடுத்த வாரம் விமானம் ஏறலாமா என்பதுதான் கேள்வி. நான் குழந்தை மருத்துவர். காரைக்குடிப் பக்கத்துப் பிள்ளைகளைப் பல வருஷமாகப் பார்த்தவள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் சுருக்கமாக. எண்ணெய் வேண்டாம். பாதி பாட்டிலும் வேண்டாம். எடைக்குத் தக்க அளவில் பாராசிட்டமால் சிரப்பை வாய்வழியாகக் கொடுங்கள், பிள்ளையை நிமிர்த்தித் தோளில் சாய்த்துக்கொள்ளுங்கள், காலையில் டாக்டரிடம் காட்டுங்கள். சில அடையாளங்கள் தெரிந்தால் மட்டும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. அவற்றைப் பின்னால் சொல்கிறேன்.

ஏன் எண்ணெய் வேண்டாம் என்பதைச் செட்டிநாட்டு வீட்டை வைத்தே சொல்லிவிடலாம். வெளிக்காதுக் குழாய் என்பது முகப்பு. அது முடியும் இடத்தில் சாத்திய கதவு மாதிரிச் செவிப்பறை. கதவுக்கு அந்தப் பக்கம் வீட்டின் உட்பகுதியான இரண்டாம் கட்டு, அதாவது நடுக்காது. இரண்டாம் கட்டிலிருந்து பின்னால் தொண்டைக்கு ஒரு வடிகால் போகிறது. சளி பிடித்த பிள்ளைக்கு வரும் காது வலி பெரும்பாலும் இந்த இரண்டாம் கட்டில்தான். மூக்கும் தொண்டையும் வீங்கும்போது வடிகால் அடைத்துக்கொள்கிறது, உள்ளே நீர் தேங்குகிறது, கிருமி சேர்கிறது, சீழாகிச் செவிப்பறையை உள்ளிருந்து நெம்புகிறது. முகப்பில் நின்று எவ்வளவு எண்ணெய் ஊற்றினாலும் சாத்திய கதவைத் தாண்டி அது உள்ளே போகாது. கதவில் ஏற்கெனவே ஓட்டை விழுந்திருந்தால் போகும். அது இன்னும் மோசம்.

சிறு பிள்ளைகளுக்கே இது அதிகம் வருவதற்கும் காரணம் அந்த வடிகால்தான். பெரியவர்களுக்கு அது நீளமாக, சரிவாக இருக்கும். பிள்ளைகளுக்குக் குட்டையாக, கிட்டத்தட்டப் படுக்கை வாட்டில் இருக்கும். அதனால் தொண்டைச் சளி எளிதாக ஏறும், வடிவது கஷ்டம். ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரை உச்சம், பள்ளிக்கூட வயது தாண்டினால் மெல்லக் குறைந்துவிடும். பகலெல்லாம் ஓடி விளையாடிய பிள்ளை ராத்திரியில் அலறுவது ஏன் என்று எல்லாத் தாய்மாரும் கேட்பார்கள். படுத்ததும் காதுக்குள் அழுத்தம் கூடுகிறது. கவனத்தைத் திருப்ப விளையாட்டும் இல்லை, ஆளும் இல்லை. பிள்ளை நடிக்கவில்லை.

இனி அப்பத்தாவின் எண்ணெய். "உன் புருஷனுக்கு இதைத்தான் ஊத்துனேன், மறுநாளே எந்திரிச்சு ஓடுனான்" என்று அவர் சொல்வதில் பொய் இல்லை. மருந்தே கொடுக்காவிட்டாலும் இந்த வலி பத்தில் ஆறு பிள்ளைகளுக்கு 24 மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். தானாகத் தணிந்த வலியின் பேர் எண்ணெய்க்குப் போய்விட்டது, அவ்வளவுதான். சூடு கொஞ்சம் தப்பினால் குழாயின் மெல்லிய தோல் வெந்துபோகும். ஆறிய எண்ணெயாக இருந்தாலும் மறுநாள் டாக்டர் பார்க்கும்போது செவிப்பறை தெரியாமல் பளபளவென்று எண்ணெய்தான் தெரியும். ஈரமும் எண்ணெயும் தங்கிய காதில் பூஞ்சை பிடிப்பதும் உண்டு. நம் ஊர்ப் புழுக்கத்துக்கு அது ஒன்றும் அபூர்வமில்லை. பூண்டுப் பல்லைப் பஞ்சில் சுற்றிச் சொருகுவது, வெங்காயச் சாறு, தாய்ப்பால், எல்லாமே இந்தக் கணக்கில்தான். இவற்றில் நான் உண்மையிலேயே பயப்படுவது கற்பூரம் போட்ட எண்ணெய்க்கு. கற்பூரம் வயிற்றுக்குள் போனால் சிறு பிள்ளைகளுக்கு வலிப்பு வரும். அந்தக் கிண்ணம் பிள்ளைக்கு எட்டும் இடத்தில் இருக்கவே கூடாது.

அப்பத்தாவிடம் சண்டைக்குப் போகாதீர்கள். வெளியே ஒத்தடம் கொடுக்கும் வேலையை அவரிடமே விட்டுவிடுங்கள். அதற்கு அவரை மிஞ்ச ஆள் கிடையாது. வேட்டித் துணியை நாலாக மடித்து, இஸ்திரிப் பெட்டியில் லேசாகச் சூடு காட்டி, தன் மணிக்கட்டின் உட்பக்கம் வைத்துப் பார்த்துவிட்டுக் காதின்மேல் பத்து நிமிஷம் வைக்கட்டும். வறுத்த உப்பு மூட்டை வேண்டாம். உப்பு சூட்டைப் பிடித்துவைத்துக்கொண்டு தோலைச் சுட்டுவிடும். பிள்ளை தூங்கிவிட்டால் துணியை எடுத்துவிட வேண்டும்.

வலிக்கு மருந்து பாராசிட்டமால். இங்கேதான் வீட்டில் அதிகம் தப்பு நடக்கிறது, அதனால் பொறுமையாகப் படியுங்கள். ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். உங்கள் மகன் 14 கிலோ என்பதால் 200 மில்லிகிராம் சரியாக வரும். ஆனால் கடையில் ஒரே பேரில் மூன்று விதப் பாட்டில் இருக்கும். 5 மி.லி.யில் 120 அல்லது 125 மில்லிகிராம் உள்ள சிரப்பில் அவனுக்கு 8 மி.லி. வேண்டும். 5 மி.லி.யில் 250 மில்லிகிராம் உள்ளதில் 4 மி.லி. போதும். கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் ஒரே மி.லி.யில் 100 மில்லிகிராம் இருக்கும், அதில் வெறும் 2 மி.லி. "போன தடவை எட்டு எம்எல் கொடுத்தோமே" என்ற ஞாபகத்தில் 250 பாட்டிலை ஊற்றினால் இரண்டு மடங்கு. சொட்டு மருந்துப் பாட்டிலில் அதையே செய்தால் நாலு மடங்கு, ஈரலுக்கு ஆபத்து. எனவே பேரைப் பார்க்காதீர்கள். '5 மி.லி.யில் எத்தனை மில்லிகிராம்' என்ற பொடி எழுத்தைப் படியுங்கள். சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பாட்டிலையும் அப்படியே பாருங்கள். சமையலறைக் கரண்டி வேண்டாம். பாட்டில் மூடியிலுள்ள கோடோ ஊசியில்லாத சிரிஞ்சோதான் அளவு.

ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுக்கலாம். வலி தாங்காவிட்டால் நாலு மணி நேரம் கழித்து. ஆனால் ஒரு நாளைக்கு நாலு வேளைக்கு மேல் கூடாது. கல்யாண வீட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. ஐந்து மணிக்கு நீங்கள் கொடுத்திருப்பீர்கள். ஆறு மணிக்குப் பிள்ளை சிணுங்க, முகப்பில் இருந்த அத்தை இன்னொரு வேளை கொடுத்திருப்பார். தினசரிக் காலண்டர் தாளில் கொடுத்த நேரத்தையும் அளவையும் எழுதி, மருந்துப் பாட்டிலை ஒருவர் பொறுப்பில் விடுங்கள். மருந்து கொடுத்து அரை மணி, முக்கால் மணியில் வலி அடங்கத் தொடங்கும். அதுவரை தோளில் போட்டுக்கொண்டு வளவு என்கிற உள்முற்றத்தைச் சுற்றி நடங்கள். நிமிர்ந்திருப்பதே பாதி நிவாரணம்.

ஐபுப்ரோஃபென் நல்ல வலி மருந்துதான், ஆறு மாத வயதுக்கு மேல் கொடுக்கலாம். ஆனால் மழைக்காலக் காய்ச்சல் டெங்குவாக இருந்தால் அது ரத்தக்கசிவைக் கூட்டும். பிள்ளை சரியாகத் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் சிறுநீரகத்துக்கும் ஆகாது. டாக்டர் சொல்லாமல் நீங்களாகத் தொடங்க வேண்டாம். இரண்டும் கலந்த சிரப்பும் நம் கடைகளில் சாதாரணம். அதைக் கொடுத்துவிட்டு மேலே தனியாகப் பாராசிட்டமாலும் கொடுப்பதை அடிக்கடி பார்க்கிறேன். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கூடவே கூடாது. சளிக்கென்று விற்கும் கலவை சிரப்புகள் காதுக்கு ஒரு நன்மையும் செய்வதில்லை. அவற்றில் பரவலாக விற்ற குளோர்ஃபெனிரமின், ஃபெனைல்எஃப்ரின் கலவையை நாலு வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரில் மத்திய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே உத்தரவு போட்டது. மூக்கடைப்புக்கு உப்பு நீர்ச் சொட்டு போதும்.

சாப்பாடு பெரிய விஷயமில்லை. மென்றாலும் விழுங்கினாலும் காது வலிக்கும், அதனால் வேண்டாம் என்பான். கஞ்சி, பாலில் ஊறிய இடியாப்பம், குழைந்த ரசம் சாதம், ஆச்சிமார் கிண்டிவைத்த மெத்தென்ற கும்மாய இனிப்பு இருந்தால் அதில் ஒரு வாய். விசேஷத்துக்குச் செய்த மொறுமொறுப்பான சீப்புச் சீடை இன்னும் இரண்டு நாள் டின்னிலேயே இருக்கட்டும். தண்ணீர் மட்டும் குறையக் கூடாது.

வலி அடங்கியதும், வெளிச்சத்தில் அவன் காதை வெளியிலிருந்து பாருங்கள். உள்ளே எதையும் விடக் கூடாது. பட்ஸ், ஊக்கு, கோழி இறகு எதுவும். காது ஓட்டைக்கு முன்னால் சின்ன மேடாக ஒரு குருத்தெலும்பு இருக்கும். அதை மெல்ல அழுத்துங்கள், காது மடலைப் பிடித்து லேசாக இழுங்கள். அப்போது துடித்தால் கோளாறு முகப்பில், வெளிக்குழாயில். ஊருணியில் குதித்த பிள்ளைக்கு, நீச்சல் குளத்துக்குப் போனவனுக்கு, பட்ஸால் குடைந்தவனுக்கு இது வரும். இதற்குத்தான் டாக்டர் சொட்டு மருந்து தருவார். அழுத்தினால் ஒன்றுமில்லை, சளி இருக்கிறது, ராத்திரியில் வலிக்கிறது என்றால் நடுக்காது. உங்கள் மகன் கதை இதுதான் என்று நினைக்கிறேன்.

காது மடலுக்குக் கீழும் முன்னாலும் கன்னம் உப்பி, காதின் அடிப்பகுதி மேலே தள்ளினாற்போல் தெரிந்தால் பொன்னுக்கு வீங்கியாக இருக்கலாம். சிங்கப்பூர் தடுப்பூசி அட்டவணையில் தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றுக்குமான எம்எம்ஆர் ஊசி உண்டு. நம் அரசு அட்டவணையில் எம்ஆர் மட்டும்தான், பொன்னுக்கு வீங்கிக்கான பாகம் அதில் இல்லை. அதனால் விசேஷத்தில் கூடியிருக்கும் மற்ற பிள்ளைகளிடமிருந்து தொற்றும் வாய்ப்பை மறக்க வேண்டாம். தொண்டைப் புண்ணும் கடைவாய்ப் பல் சொத்தையும்கூடக் காது வலியாகத் தெரியும், வாயையும் பாருங்கள்.

சளியே இல்லாமல் திடீரென்று ஒரு காதைப் பிடித்தால், உள்ளே ஏதாவது போட்டுக்கொண்டானா என்று கேளுங்கள். பயறு, மணி, மல்லி விதை எல்லாம் காதிலிருந்து எடுத்திருக்கிறோம். பயறு தண்ணீர் பட்டால் ஊதிவிடும், தண்ணீர் அடிக்காதீர்கள். அழுத்தினால் பாடும் பொம்மை, ரிமோட் இவற்றிலுள்ள பொத்தான் பேட்டரி என்று சந்தேகம் வந்தால் ஒரு சொட்டுகூட எதுவும் ஊற்றாமல் அந்த நிமிஷமே கிளம்புங்கள். சில மணி நேரத்தில் அது சதையை அரித்துவிடும். காதில் எண்ணெய்க்கு ஒரே ஒரு இடம் இருக்கிறது. உயிரோடு பூச்சி புகுந்து துடிக்கும்போது, முன்பு காதில் சீழ் வடியாத பிள்ளையாக இருந்தால், சூடாக்காத தேங்காய் எண்ணெய் சில சொட்டு விட்டுப் பூச்சியைச் சாகவிடலாம். எடுப்பது டாக்டர் வேலை. அப்பத்தாவுக்கு இதைச் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

சில பிள்ளைகள் விடிகாலையில் திடீரென்று அழுகையை நிறுத்தித் தூங்கிவிடுவார்கள். பார்த்தால் தலையணை உறையில் மஞ்சளாக, சில நேரம் ரத்தம் கலந்து கறை இருக்கும். செவிப்பறையில் சின்ன ஓட்டை விழுந்து சீழ் வெளியே வந்துவிட்டது, அழுத்தம் போனதால் வலியும் போனது. பதற வேண்டாம், பெரும்பாலும் சில வாரத்தில் அது தானே மூடிக்கொள்ளும். ஆனால் அன்றைக்கே டாக்டர் பார்க்க வேண்டும். அதுவரை சுத்தமான பருத்தித் துணியைத் திரிபோல முறுக்கிக் காது ஓட்டையின் வாசலில் வையுங்கள். நனைந்ததும் எடுத்து வேறு திரி. ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது, காது உலரும்வரை. பஞ்சை அடைத்துவைத்துவிட்டு மறந்துவிடக் கூடாது. குளிக்கும்போது மட்டும் வாசலின் தடவிய பஞ்சு வைத்து, குளித்ததும் எடுத்துவிடுங்கள். 14 நாளைக்கு மேலும் வடிந்தால் அது நாள்பட்ட காது நோய், காது மூக்கு தொண்டை மருத்துவர்தான் பார்க்க வேண்டும். "பிள்ளைன்னா காது ஒழுகத்தான் செய்யும்" என்று வருஷக்கணக்கில் விட்டு, கேட்கும் திறனை இழந்தவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர்.

விடியும்வரை காத்திருக்கக் கூடாத நேரங்கள்: காதுக்குப் பின்னால் எலும்பின்மேல் சிவந்து வீங்கி, காது முன்னால் தள்ளி நிற்கிறது. இரண்டு காதையும் பின்னாலிருந்து ஒப்பிட்டுப் பார்த்தால் இது தெரியும். முகம் ஒரு பக்கம் கோணுகிறது. கழுத்தை வளைக்க முடியவில்லை, ஓயாமல் வாந்தி, எழுப்பினாலும் துவண்டு விழுகிறான். நடை தள்ளாடுகிறது. தலையில் அடிபட்ட பின் காதிலிருந்து ரத்தமோ தெளிந்த நீரோ வருகிறது. வலிப்பு. ஆறு மாதத்துக்குக் கீழ்க் குழந்தைக்குக் காய்ச்சல். இவற்றில் எது இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள், இல்லையென்றால் வண்டி எடுத்துக் காரைக்குடி அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். அங்கிருந்து தேவைப்பட்டால் சிவகங்கை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவார்கள். ஓடுவதா வேண்டாமா என்று மட்டும் சந்தேகமிருந்தால் 104 என்ற அரசு மருத்துவ ஆலோசனை எண்ணுக்கு ராத்திரியிலும் போன் செய்து கேட்கலாம்.

காலையில் டாக்டர் காதுக்குள் விளக்கு வைத்துப் பார்த்துவிட்டு ஆன்டிபயாடிக் எழுதாமல் அனுப்பினால் கோபப்படாதீர்கள். இரண்டு வயதுக்கு மேல், ஒரு காதில் மட்டும், காய்ச்சல் 102 டிகிரிக்குள், வலி மருந்துக்கு அடங்குகிறது என்றால் இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்ப்பது முறையான வைத்தியம்தான். பெரும்பாலானவர்களுக்குத் தானே சரியாகிவிடும். ஆறு மாதத்துக்குக் கீழே என்றால், இரண்டு வயதுக்குள் இரண்டு காதும் என்றால், சீழ் வடிந்தால், காய்ச்சல் அதிகம் என்றால் முதலிலேயே தருவார்கள். பெரும்பாலும் அமாக்சிசிலின். தந்தால் சொன்ன நாள்வரை முழுசாக. 48 மணி நேரத்தில் ஒரு முன்னேற்றமும் இல்லையென்றால் திரும்பப் போங்கள்.

மருந்துக்கடையில் "காது வலிக்கு ஒண்ணு குடுங்க" என்று வாங்குவதும், பெரியவனுக்கு மிஞ்சியதை எடுப்பதும் வேண்டாம். தண்ணீர் கலந்த அமாக்சிசிலின் சிரப் ஒரு வாரத்தோடு சரி. திறந்த சொட்டு மருந்து பொதுவாக ஒரு மாதத்தோடு சரி. அந்தப் பாதி பாட்டில் அழுக்கு இளக்குவதா, பூஞ்சைக்கா, கிருமிக்கா என்பதே உங்களுக்கு ஞாபகமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சில சொட்டு மருந்துகளிலுள்ள ஜென்டமைசின், நியோமைசின் போன்றவை ஓட்டை விழுந்த செவிப்பறை வழியே உள்ளே போனால் கேட்கும் நரம்பையே பாதிக்கக்கூடும். குப்பையில் போடுங்கள்.

வலி போன பிறகும் நடுக்காதில் நீர் சில வாரம், சிலருக்கு மூன்று மாதம்வரை தங்கும். டிவி சத்தத்தைக் கூட்டுவான், பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டான். டீச்சர் "கவனமே இல்லை" என்று எழுதி அனுப்புவார். அடிக்க வேண்டாம், திட்டவும் வேண்டாம். மூன்று மாதமாகியும் அப்படியே இருந்தால் செவித்திறன் பரிசோதனை செய்யுங்கள்.

வீட்டில் கைக்குழந்தையும் இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தால் படுக்கவைத்துச் சங்கில் பால் புகட்டாதீர்கள், தலையை உயர்த்திப் பிடியுங்கள். குளிப்பாட்ட வரும் அம்மா மூக்கிலும் காதிலும் வாய் வைத்து ஊதுவதை அன்போடு நிறுத்துங்கள். பிள்ளை இருக்கும் வீட்டுப் பகுதியில் யாரும் சிகரெட் பிடிக்க வேண்டாம். நியூமோகாக்கஸ் கிருமிக்கான பிசிவி ஊசி 2021-இலிருந்து நாடு முழுக்க அரசு அட்டவணையில் 6 வாரம், 14 வாரம், 9 மாதம் என்று இலவசமாகவே போடுகிறார்கள். காதுச் சீழுக்கு முக்கியக் காரணங்களில் அந்தக் கிருமியும் ஒன்று.

விமானத்துக்கு வருவோம். திருச்சியிலிருந்து நாலு மணி நேரத்துக்கும் கொஞ்சம் மேல். கிளம்புவதற்கு முந்தின நாள் டாக்டரிடம் இன்னொரு தடவை காதைக் காட்டுங்கள். அன்றைக்கும் வலியோ காய்ச்சலோ இருந்தால், முடிந்தால் பயணத்தைச் சில நாள் தள்ளிப்போடுங்கள். அடைத்த வடிகாலோடு இறங்குவது பெரிய வேதனை. வலி அடங்கிவிட்டால் போகலாம். ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் காது வலிக்கும், அது தரையிறங்க அரை மணிக்கு முன்பே தொடங்கிவிடும். அந்த நேரத்தில் தூங்கினால் எழுப்பிவிடுங்கள், உறிஞ்சு குழாயில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரோ பாலோ குடிக்கவையுங்கள். விழுங்க விழுங்க வடிகால் திறக்கும். இறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு, அன்றைய கணக்கில் இடமிருந்தால், ஒரு வேளை பாராசிட்டமால் கொடுக்கலாம். சிரப்பைப் பெட்டியில் போட்டு அனுப்பிவிடாதீர்கள். 60 மி.லி. பாட்டில்தான், கைப்பையிலேயே வைத்துக்கொள்ளலாம்.